நந்தன் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்

இசை செவிக்கு இன்பந் தருவதோடு நின்றுவிடுவதன்று. உள்ளத்தை நெகிழ்வித்து, நெகிழ்ந்த உள்ளத்தில் பொருளைப் பதிப்பது. அது பற்றியே நம் சமய குரவர்கள் தத்துவ நுட்பங்களையும் பண்ணோடு கூட்டி அருளினர். பண்ணொடு கதையும் சேருமாயின் அதன் ஆற்றல் பின்னும் பெருகும். நூல் ஓதாதாரும், மடங்களின் வாயிலை மிதியாதாரும், அடியார் வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் பெருக்குதற்கு அவ்விரண்டன் கூட்டமே வாயிலாகும். சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டில் இவ்வாயிலை அகலத் திறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் இசைப்புலவராகத் தொடங்கிக் கதை சொல்பவராக வளர்ந்தார். அவர் சொன்ன கதையோ அச்சிலும் அரங்கிலும் இசைத்தட்டிலும் திரையிலும் அவர்க்குப் பின்னும் வாழ்ந்தது. அன்னாரது வாழ்க்கையைச் சுருங்கக் கூறி, அவர் செய்த செயல் திருத்தொண்டர் புராணத்திற்கு ஆக்கமோ ஊறோ என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில் 1810-ஆம் ஆண்டளவில் அந்தணர் குலத்தில் தோன்றினார். தந்தையார் இராமசுவாமி பாரதியார். பாட்டனாரும் முப்பாட்டனாரும் இசையிலும் வீணையிலும் வல்லவர்கள். ஆதலின் இசை அவர்க்குக் குடிச்செல்வமாக வந்தது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர் முடிகொண்டான் என்னும் ஊரிற் சிலகாலம் வாழ்ந்தார். அதனால் முடிகொண்டான் பாரதியார் எனவும் வழங்கப்பெற்றார். பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணுவையர் என்னும் செல்வர் அவரை ஆதரித்தனர். அவ்வூரின் பெயரே பின்னாளில் அவர் பாட்டெல்லாம் தில்லைக் கூத்தனையே நாடியதற்கு ஒரு முன்குறி போல அமைந்தது.

அவர் இல்லறம் புகவில்லை. இறுதிவரை பிரமசரியத்திலேயே நின்று, எளிய உடையும் எளிய உணவுமே போதுமெனக் கொண்டார். மாயூரத்தில் வாழ்ந்த கோவிந்த யதி என்பாரிடம் யோக நூற்பொருளும் வேதாந்தமும் கேட்டார். திருவிடைமருதூரில் தங்கியிருந்த இராமதாசர் என்னும் வடநாட்டு இசைவாணரிடம் இந்துஸ்தானி இசையைப் பயின்றார். உடையார்பாளையத்து அரண்மனைப் புலவராயிருந்த கனம் கிருஷ்ணையரின் பாட்டு முறையும் அவரை ஈர்த்தது. குடிவழி வந்த வீணை மரபு, தஞ்சைச் சீமையின் கீர்த்தன மரபு, வடநாட்டு முறை, உழவர் பாடும் சிந்தும் கும்மியும் ஆகிய இவை யாவும் ஒருவரிடத்தே வந்து கூடின. இக்கூட்டமே பின்னர் அவர் இயற்றிய கதைநூலின் உருவத்தை வகுத்தது என்பதைக் கற்போர் உளங்கொள்ளல் வேண்டும்.

பாரதியார் ஒருகால் திருவையாற்றுக்குச் சென்று தியாகராஜ சுவாமிகளைக் கண்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. அங்கே மாணவர்கள் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தனராம். அவ்விராகத்தில் நீரும் ஏதேனும் இயற்றியதுண்டோ என்று சுவாமிகள் வினவ, பாரதியார் அப்பொழுது மறுமொழி கூறாதிருந்து, மறுநாள் சபாபதியின் ஒப்பின்மையைப் பொருளாகக் கொண்டு அதே இராகத்தில் ஒரு தமிழ்க் கீர்த்தனத்தை இயற்றிப் பாடிக் காட்டினாராம். அப்பாட்டு இன்றும் இசையரங்குகளில் முழங்குகின்றது. ஒருவர் இராமனுக்கே தம் பாட்டை உரிமை செய்தவர். மற்றொருவர் நடராசனுக்கே உரிமை செய்தவர். பொறாமையின்றி இருவரும் ஒருவரையொருவர் மதித்தமை அக்காலத்துச் சான்றாண்மைக்கு எடுத்துக்காட்டாகும்.

தனிக்கீர்த்தனங்களோடு பாரதியார் அமைதி கொண்டிருப்பாராயின் நல்ல இசைப்புலவர் வரிசையில் ஒருவராக எண்ணப்பெற்றிருப்பார். அவர் உள்ளமோ அதனை விழைந்திலது. சீகாழி அருணாசலக் கவிராயர் இராமன் கதையைக் கீர்த்தனங்களாலே தொடர்ந்து பாடிய வழி அவர்க்கு முன்னரே திறந்திருந்தது. அவ்வழியிற் சென்று நாயன்மார் வரலாறுகளைப் பாட அவர் துணிந்தார். திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களை அவர் கீர்த்தனங்களாக்கினார். ஆயினும் அவர் பெயரை நாடெங்கும் நிறுத்தியது திருநாளைப்போவார் வரலாற்றைப் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே.

சேக்கிழார் பெருமான் அருளிய வரலாற்றை ஈண்டு நினைவுகூர்தல் இன்றியமையாதது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையிற் பெயரளவிற் போற்றிய அடியாரை, நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியில் ஆதனூரினர் எனக் குறித்தனர். சேக்கிழார் 37 பாடல்களில் அதனை விரித்தனர். கொள்ளிடக் கரையிலுள்ள மேற்காநாட்டு ஆதனூர்ப் புலைப்பாடியில் நந்தனார் பிறந்தார். கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தார். திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்று சிவலோகநாதரைக் காண விழைந்தபோது இடபதேவர் விலகினார். தில்லைக்கு நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று நாட்கழித்து, ஒருநாள் சென்று, எல்லையை வலம்வந்து நின்றார். கூத்தப்பிரான் அவர் கனவிலும் தில்லைவாழந்தணர் கனவிலும் தோன்றி ஆணையிட, தென்றிருவாயிலின் முன்னர் மூட்டிய எரியிற் புகுந்து முனிவர் வடிவாய் எழுந்து, அம்பலத்துட் புக்கு மறைந்தருளினார். இஃதே புராணம் கூறும் வரலாறு. இதில் நந்தனாரைத் தடுத்த ஆண்டை ஒருவரும் இலர். அவரைத் தடுத்தது தம் குலம்பற்றிய நினைவும் உலக வழக்குமே.

பாரதியாரோ இவ்வரலாற்றினுள் வேதியர் ஒருவரைப் புகுத்தினார். நந்தனார் அவரது பண்ணையாளாயினார். தில்லைத் திருவாதிரையைக் காண விடை கேட்டபொழுதெல்லாம் ஆண்டை சினந்து மறுக்கின்றார். சேரியிலுள்ள முதியவர்களும் தங்கள் சிறுதெய்வ வழிபாட்டை விடுத்துச் சிவனை நாடுதல் தகாதென்று இடித்துரைக்கின்றனர். இறுதியாக 40 வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தபின் செல்லலாம் என்று வேதியர் விடை தருகின்றார். அஃது ஒருவரால் ஆகாத செயல். அன்றிரவே திருவருளால் நிலமெல்லாம் விளைந்து நிற்கின்றது. அதனைக் கண்ட வேதியர் தம் ஆளின் அடியிலே விழுந்து வணங்குகின்றார். அந்தணராகப் பிறந்த ஒரு புலவர், தம் குலத்தான் ஒருவனைப் புலையர் குலத்து அடியாரின் திருவடியில் விழச் செய்து, அதனை அக்கிரகாரங்களிலேயே பாடினார் என்பதை எண்ணுமிடத்து அவரது நெஞ்சுரம் புலப்படும்.

இப்புதுமை எங்கிருந்து வந்தது? அவர் கண்ணெதிரே இருந்த காவிரிநாட்டு வாழ்விலிருந்தே வந்தது என்பது எம் துணிபு. அடிமை முறையைச் சட்டம் ஒப்புக்கொள்ளாதென்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1843-இல் விதி செய்தது. சட்டம் அவ்வாறிருந்தும், தஞ்சைச் சீமையின் நன்செய் வெளிகளிற் பண்ணையாட்கள் கடனாலும் வழக்கத்தாலும் நிலத்தோடு பிணிப்புண்டே கிடந்தனர். திருவிழாக் காண ஒருநாள் விடுதலை வேண்டினும் ஆண்டையின் சொல்லை எதிர்நோக்கியே நிற்றல் வேண்டும். சேக்கிழார் காலத்து நந்தனார் தம் தொழிலையே திருத்தொண்டாக்கி உரிமையோடு வாழ்ந்தவர். பாரதியார் கண்ட உழைப்பாளிக்கு அவ்வுரிமையில்லை. ஆகவே பழைய அடியாரின் பக்தியைத் தம் காலத்துப் பண்ணையாளின் உடலிற் புகுத்திக் காட்டினார்.

நூலின் அமைப்பும் கருதற்பாலது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தன உறுப்புக்களோடு நொண்டிச்சிந்து, கண்ணி, இருசொல்லலங்காரம், கட்டியம், தண்டகம், விருத்தம் எனப் பலவகைப் பாட்டுக்கள் அதன்கண் விரவி வருகின்றன. கற்றோர் போற்றும் இராகங்களும், வயலிலும் களத்திலும் பாடும் மெட்டுக்களும் அருகருகே நிற்கின்றன. ஆண்டையின் அதட்டற்கு ஒரு நடை. சேரி முதியவரின் பேச்சிற்கு ஒரு நடை. நந்தனாரின் ஏக்கத்திற்கு ஒரு நடை. சொல்லுவார் ஒருவரே யாயினும், கேட்பார் பலரை மேடையிற் காண்பது போல உணர்வர். சொற்களோ தெருவில் வழங்குவன. இலக்கணம் வல்லார் குறையென்று கருதிய அதுவே எழுத்தறியாதார்க்கு ஏணியாயிற்று.

நாகப்பட்டினத்தில் கந்தப்ப செட்டியார் என்னும் அன்பர் ஆதரவிற் பாரதியார் இச்சரித்திரத்தைக் கதையாகச் சொல்லிப் பாடினார். கேட்டவர் திரள்திரளாக வந்தனர். புகழ் அயலூர்களுக்குப் பரவிக் காரைக்காலை எட்டியது. அந்நகர் அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்தது. அங்கு அதிகாரியாயிருந்த சீஸே என்னும் பிரெஞ்சுக்காரர் இக்கீர்த்தனங்களில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் நூலை அச்சிட்டு வெளிப்படுத்த உதவினார். ஆசிரியர் வாழ்நாளிலேயே நூல் அச்சேறியமையால், வாய்மொழியாகவே திரிந்து சிதைந்து போகக்கூடிய பாட்டுக்கள் பிழைத்தன. சிவனடியார் ஒருவரின் சரித்திரம் அச்சேறுதற்குப் பிறநாட்டுப் பிறசமயத்தார் ஒருவர் துணைநின்றது வியத்தற்குரியது.

அச்சிடுமுன் பெரும்புலவரது சிறப்புப்பாயிரம் பெறுதல் அக்காலத்து மரபு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அப்பொழுது மாயூரத்தில் வாழ்ந்தனர். பாரதியார் அவர்பாற் சென்று வேண்டினார். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருத்தலைக் கண்ட பிள்ளையவர்கள் பாயிரம் அளிக்க மனமொவ்வாது நாட்கழித்து வந்தனர். பாரதியார் சலியாது பன்முறை சென்றார். ஒருநாள் நண்பகலிற் பிள்ளையவர்கள் உண்டபின் துயின்றுகொண்டிருந்தனர். புறத்தே திண்ணையிற் காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து நந்தனாரின் ஏக்கத்தைக் கூறும் கீர்த்தனமொன்றை மெல்லப் பாடலானார். பாட்டு உள்ளே சென்று பிள்ளையவர்களை எழுப்பிற்று. கேட்கக் கேட்க அவர் கண்களில் நீர் பெருகிற்று. இலக்கணம் தேடிய உள்ளம் அன்பைக் கண்டது. உடனே எழுந்துவந்து, பாயிரச் செய்யுளை மனமுவந்து இயற்றி அளித்தனர். பெரும்புலவர் தம் முடிபை மாற்றிக்கொண்டது அவர் பெருமையையே காட்டுகின்றது. எனினும் வழு வழுவன்று என்று அவர் கூறினாரல்லர். வழுவினும் மிக்கதொன்று அதன்கண் உண்டெனக் கண்டனர், அவ்வளவே.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பிள்ளையவர்களிடம் தமிழ் பயில 1871-ஐ யொட்டி மாயூரம் வந்தபொழுது, தந்தையார் விருப்பப்படி பாரதியாரிடம் இசையும் சிலகாலம் கற்றனர். பாரதியார் அப்பொழுது அறுபது அகவையை எய்திய முதியவர். இசைப்பயிற்சியில் உள்ளஞ் சென்றால் இலக்கிய இலக்கணப் பயிற்சி தளரும் என்று பிள்ளையவர்கள் கருதியதை யறிந்து ஐயரவர்கள் அதனை நிறுத்திவிட்டனர். இயலும் இசையும் இருவேறு வீடுகளிற் குடியிருந்த காலம் அது. எனினும் பழைய ஆசிரியரை மறவாது, பின்னாளிற் பாரதியாரின் வரலாற்றை எழுதி நமக்குக் கிடைக்கச் செய்தவர் அம்மாணாக்கரே.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, மாயூரத்தில் முன்னர் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகட்குக் கஞ்சி வார்த்தனர். அதனைக் கண்ட பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனம் பாடினார் என்பர். வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். கூத்தப்பிரானையே பாடிவந்த நா பசித்தார்க்குச் சோறிட்டவரைப் பாடிற்று. சமய வேற்றுமை அங்கே தடையாகவில்லை. இவ்வாறு பொருளை நாடாது, புகழை வேண்டாது வாழ்ந்த பாரதியார் 1896-இல் மகாசிவராத்திரியன்று இறைவன் திருவடியை எய்தினார்.

ஆசிரியர் மறைந்தபின்னும் அவர் கதை நடந்துகொண்டேயிருந்தது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன முறையைத் தமிழ்க் கதாகாலட்சேபத்தோடு இணைத்து, பக்கப்பாட்டும் வாத்தியமும் சூழ நந்தன் சரித்திரத்தை ஊர்தோறும் நடத்தினர். நாடகக் குழுவினர் அதனை மேடையேற்றினர். இசைவாணர் அதன் பாட்டுக்களைத் தனித்தெடுத்துக் கச்சேரிகளிற் பாடினர். இசைத்தட்டுக்கள் அவற்றை இல்லந்தோறும் சேர்த்தன. பேசும்படம் தோன்றியபின், 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். அம்மையார்க்கு அப்படத்தின் பொருட்டு 1 இலட்சம் ரூபாய் அளிக்கப்பட்டதென்பது அந்நாளிற் பெரும்பேச்சாயிருந்தது. 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட நந்தனாரில், ஓதுவார் மரபில் வந்து தேவாரம் பயின்ற எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். பின்னாளில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்குத் தலைவராக விளங்கியவர். இங்ஙனம் திண்ணையிற் பிறந்த கதை திரையரங்கை அடைந்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவை ஆராய்வோம். இதனால் நேர்ந்த கேடொன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. இன்று நந்தனார் வரலாற்றைக் கூறுக என்று கேட்டால் பலர் பாரதியாரின் வேதியரையும் 40 வேலியையுமே கூறுகின்றனர். தோலும் நரம்பும் கோரோசனையும் அளித்த திருத்தொண்டு மறைந்துபோயிற்று. தம் கைத்தொழிலாலே எல்லாக் கோயில்களின் இசையிலும் பங்குகொண்டவர் அந்நாயனார். அவர் கோயிலின் உட்புகாராயினும் அவர் தந்த தோலும் நரம்பும் உள்ளே ஒலித்தன. இவ்வரிய பொருள் மறக்கப்படுதல் சைவ உலகிற்கு இழப்பே. அன்றியும் சேக்கிழார் வாக்கு வரலாற்று மூலமாகக் கொள்ளப்படுவது; அதன்மேற் கற்பனையை ஏற்றுவோர் கற்பனை இன்னதென்று பிரித்துணர்த்தும் கடப்பாடுடையர்.

ஆயினும் பாரதியார் கூட்டிய பகுதி சித்தாந்தத்திற்கு முற்றும் அயலானதன்று. உயிர் வீடடையுமுன் இருவினை ஒப்பும் மலபரிபாகமும் நிகழ்ந்து சத்திநிபாதம் பதிதல் வேண்டும் என்பது நம் நூற்றுணிபு. அதுகாறும் இறைவனது சத்தி மறைந்துநின்று உயிரைப் பக்குவப்படுத்தும், அதுவே திரோதானம். நாளை நாளை என்று நந்தனார்க்கு நேர்ந்த காலநீட்டிப்பைப் பாரதியார் ஓர் ஆண்டையின் உருவாக்கிக் கண்முன் நிறுத்தினார். தடை மிகமிக நந்தனாரின் ஏக்கம் மிகுந்தது. ஏக்கம் முதிர்ந்தவிடத்து அருள் வெளிப்பட்டது. வேதியரும் கைவிடப்பட்டாரல்லர், தம் ஆளின் அன்பைக் கண்டு அவரும் பக்குவம் எய்தினார். ஆண்டைக்கும் ஆளுக்கும் ஒருங்கே வீடு காட்டியமை இக்கதையின் சிறப்பு.

ஈண்டு ஒன்றை வற்புறுத்துகின்றோம். திரோதானம் என்பது இறைவன் செயல். அதனைக் காரணங்காட்டி மனிதர் மனிதரை ஒடுக்குதல் அறமாகாது. ஆண்டையின் கொடுமை அருளுக்கு வாயிலாயிற்று என்பதனாற் கொடுமை நன்றென்று கொள்வார் பாரதியாரையும் அறியார், சித்தாந்தத்தையும் அறியார். பாரதியார் வேதியரை அடியார் காலில் விழச் செய்து முடித்தாரேயன்றி, ஆண்டையின் பிரம்பைப் போற்றி முடித்தாரல்லர். அக்கதையைக் கேட்டு அழுதவர் நாட்டிற் பலராயினும், அழுதபின் கோயில் வாயிலைத் திறக்க முற்பட்டவர் நெடுங்காலம் சிலரே. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939-இல் தான் வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் மடமும் பள்ளியும் அமைத்து, ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கு உழைத்தது அக்கண்ணீரினும் உயர்ந்த வழிபாடென்று கருதுகின்றோம்.

ஆகவே கற்றோர் செய்யத்தக்கது இரண்டு. சேக்கிழார் வாக்கை மூலமெனக் கொண்டு, தோலும் நரம்பும் தந்த நாயனாரை மக்களுக்கு மீளவும் அறிவித்தல் ஒன்று. பாரதியாரின் கீர்த்தனையைப் புராணமென்று மயங்காது, புராணத்திற்கு ஓர் இசைப்புலவர் அன்பினாற் கண்ட விரிவுரை என்று போற்றிப் பாதுகாத்தல் மற்றொன்று. புராணம் படிப்பார் சிலர். பாட்டுக் கேட்பார் பலர். பாட்டைக் கேட்டு உருகியவனைப் புராணத்தினிடம் அழைத்துச் செல்லுதல் மடங்களுக்கும் புலவர்களுக்கும் உரிய கடன். திண்ணையில் ஒலித்த பாட்டு உள்ளே துயின்ற பெரும்புலவரை எழுப்பி வெளியே கொணர்ந்தது. நாமும் எழுந்து புறத்தே வருவோமாயின், வாயிலிற் காத்திருப்பாரைக் காண்போம்.

திருச்சிற்றம்பலம்.